உயர்த்துவதற்கு முந்தைய கணக்கு

1985இல் வெளிவந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தின் பள்ளிக்கூடப் பையன் மனசார ஆசைப்படுவது ஒரு கறுப்பு டொயோட்டா பிக்கப்புக்கு. கால இயந்திரம் அவன் தலையில் வந்து விழுந்தது. பிக்கப்தான் அவன் கேட்ட வரம். உயர்த்திய உடம்பு, பருத்த டயர்கள், கேபினுக்குப் பின்னால் குழாய்ச் சட்டத்தில் வரிசையாக வட்ட விளக்குகள். கடைசியில் அது அவன் வீட்டுக் கொட்டகைக்கே வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படத்தில் அதன் சக்கரம் ஒருமுறைகூடச் சேற்றிலோ மணலிலோ இறங்குவதில்லை. அமெரிக்காவில் பழைய பிக்கப் ஒன்றைக் கரடுமுரடான பாதைக்குத் தயார்செய்ய நினைக்கிறவர்கள் மனத்தில் இன்றும் இருப்பது பெரும்பாலும் இப்படி ஒரு நிற்கும் வண்டியின் படம். ஓடும் வண்டியிலிருந்து, அதுவும் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்வரும் வண்டியிலிருந்து யோசிக்கத் தொடங்கினால் செலவின் வரிசை தலைகீழாகிவிடும் என்பதே என் வாதம். கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் கடைசிக்குப் போகும். அவற்றில் பல தேவையே இல்லை என்றும் தெரியவரும்.

எந்த வண்டி என்று சொல்லாமல் இதைப் பேசினால் எல்லோருக்கும் பொருந்துவதுபோல் தோன்றி யாருக்கும் உதவாமல் போகும். நான் எடுத்துக்கொள்வது டொயோட்டா டகோமாவின் முதல் தலைமுறை, 1995 முதல் 2004 மாடல் வரையிலானது. நம்மூரில் பிக்கப் என்றதும் தக்காளிக் கூடையும் சிமெண்ட் மூட்டையும் நினைவுக்கு வரும். அங்கே அதே வண்டி திங்கட்கிழமை அலுவலக வாகன நிறுத்தத்தில் நிற்கும், சனிக்கிழமை ஒட்டுப்பலகை ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை பாலைவனத்துக்குப் போகும். 1964 தொடக்கத்தில், ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் இலகு சரக்கு வண்டிகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை என்றோ ஓய்ந்தது, வரி ஓயவில்லை. டகோமாவில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையிலேயே உருவானதற்கு இந்த வரியும் ஒரு காரணம். (அந்த ஆலைதான் பின்னாளில் டெஸ்லாவிடம் போனது.) ஆக, இது அமெரிக்கச் சாலையை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. முன்பக்கம் தனித்தனியாக அசையும் சக்கரங்களும் காயில் ஸ்பிரிங்கும். அது நெடுஞ்சாலைச் சுகத்துக்கு. பின்பக்கம் ஒரே தண்டான ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும், அது சுமைக்கு. 3.4 லிட்டர் வி6 எஞ்சினின் 190 குதிரைத்திறன் இந்த எடைக்குப் போதும், அதற்கு மேல் தாராளம் இல்லை. 1998இல் பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதியோடு கரடுமுரடுப் பாதைக்கென்றே டிஆர்டி என்ற பெயரில் ஒரு தொகுப்பும் வந்தது. ஸ்பிரிங்கின் விறைப்பு, பிரேக்கின் அளவு, கியரின் விகிதம், டயரின் விட்டம் எல்லாம் ஒன்றையொன்று கேட்டு முடிவான எண்கள். ஒன்றைத் தொட்டால் மற்றவை சும்மா இருப்பதில்லை.

இந்த வண்டிகளில் மிக இளையதற்கே 20 வயது தாண்டிவிட்டது. எனவே என்ன சேர்க்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், இருப்பதில் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வி நிற்கிறது. டகோமாவுக்கு இதில் தனி வரலாறே உண்டு. பனி மாநிலங்களில் குளிர்காலச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் சேஸிஸின் பெட்டி போன்ற இரும்புச் சட்டத்துக்குள் புகுந்து தங்கி, உள்ளிருந்து அரித்தது. துருத்தடுப்புப் பூச்சு போதுமானதாக இல்லை. 2008இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்குச் சேஸிஸ் துருவுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. மோசமாக அரித்துப்போனவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிந்தைய தலைமுறை டகோமாவிலும் இதே புகார் கிளம்பி, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளையும் சேர்த்து, 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்தில் 2016இல் முடிந்தது. இப்படி ஒரு முன்கதை உள்ள வண்டியில் ஆஃப்-ரோடு வேலைக்கான முதல் கருவிகள் ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும்தான். அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டை சட்டத்தோடு சேரும் இடங்களைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. சத்தம் மழுங்கினாலோ செதில் உதிர்ந்தாலோ, வாங்க நினைத்த பொருள்களின் பட்டியலை மடித்து வைத்துவிட்டு வெல்டரைப் பார்க்கப் போவதே அறிவு. சில வண்டிகளுக்கு அந்த வெல்டரும் கைவிரிப்பார். அதுவும் ஒரு பதில்தான், அதற்குச் செலவும் இல்லை.

துருவுக்கு அடுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப் பால் ஜாயின்ட். வேறு பல வண்டிகளில் வண்டியின் எடை இந்த மூட்டை அதன் இருப்பிடத்தில் அழுத்தி உட்காரவைக்கும். டகோமாவில் எடை மூட்டை இழுத்துப் பிரிக்கும் திசையில் வேலை செய்கிறது. எனவே தேய்ந்த மூட்டு கடகடவென்று ஆடிக் காலம் தள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. ஒருநாள் மொத்தமாகக் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து, வண்டி மூக்கைத் தரையில் பதித்துவிடும். 2001 முதல் 2004 வரையிலான டகோமாக்களைப் பால் ஜாயின்ட்டுக்காக 2005இல் டொயோட்டா திரும்ப அழைத்தது. இந்த மூட்டைக் கம்பெனி உதிரியாலேயே, புதிய போல்ட்டுகளோடு, குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றிவிடுவது டகோமா வட்டாரத்தில் எழுதாத சட்டம். கவனிக்க வேண்டியது இதுதான்: பெரிய டயரும், வெளியே துருத்தும் ரிம்மும், உயர்த்திய ஸ்பிரிங்கும் கூட்டாகச் செய்யும் வேலை இந்த மூட்டின் மேல் விழும் நெம்புவிசையைக் கூட்டுவது. கூட்டுக் குடும்பத்தில் தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனை, ஏற்கெனவே நொடித்திருக்கும் அண்ணன் அடைப்பது போன்ற ஏற்பாடு.

பழுதுபார்ப்பதற்கு மேம்பாடு என்று பெயர் வைப்பது ஏமாற்று என்று ஒருவர் சொல்லலாம். எண்ணெயும் புஷ்ஷும் மாற்றுவது எந்த வண்டிக்கும் உள்ளதுதானே, இதில் ஆஃப்-ரோடு எங்கே வந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் 20 ஆண்டு உழைத்த வண்டியிலிருந்து என்னவெல்லாம் கசிந்து போயிருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து, வண்டி பிறந்தபோது இருந்த உயரத்தில் ஓரிரு அங்குலம் காணாமல் போயிருக்கும். ஷாக் அப்சார்பர் பெயரளவில்தான் இருக்கும். அலைஅலையான மண்சாலையில் டயர் தரையைத் தொடும் நேரத்தைவிட அந்தரத்தில் துள்ளும் நேரம் அதிகமாகும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது? கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் பழைய ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. உள்ளே அது ஓட்டையானால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து, ஒரு ரேடியேட்டரின் விலையில் முடிய வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் விலைக்குப் போய்விடும். வி6 எஞ்சினின் டைமிங் பெல்ட்டுக்கு 90,000 மைல் கெடு. இவற்றைச் சரிசெய்யும்போது, ஒரு காலத்தில் இந்த வண்டிக்கு இருந்து, இப்போது தொலைந்துபோன திறனே திரும்பி வருகிறது. அந்தத் திறன் எவ்வளவு என்று தெரியாமலே அதைத் தாண்ட நினைப்பதுதான் வேடிக்கை. தொய்ந்த ஸ்பிரிங்கை நடுத்தரச் சுமைக்கான புதிய பட்டைகளாலும், செத்த ஷாக்கை நல்ல ஷாக்காலும் மாற்றிய டகோமா, ஓட்டுபவருக்கே வேறு வண்டியாகத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கிய ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் விற்கும் மிதமான சஸ்பென்ஷன் தொகுப்புகளின் நற்பெயரில் ஒரு பங்கு, அவை கழற்றி எறியும் பழைய பாகங்களின் பரிதாப நிலைக்குச் சேர வேண்டும் என்பது என் சந்தேகம்.

இப்போது உயரத்துக்கு வருவோம். ஆசையும் குழப்பமும் ஒருசேர மிகுந்த இடம் இது. மூன்று அங்குல லிஃப்ட் போட்டால் வண்டி கல்லின் மேல் மூன்று அங்குலம் கூடுதலாக ஏறிப்போகும் என்று நம்புகிறார்கள். சஸ்பென்ஷன் லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸை, உடம்பை, அதற்கு மேலே இருப்பதை. பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு சக்கரங்களுக்கு இடையில் தண்டோடு தண்டாக இருக்கிறது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் மட்டுமே. லிஃப்ட் எத்தனை அங்குலமானாலும் அந்தக் குண்டு அதே இடத்தில்தான் இருக்கும். 31 அங்குல டயரை 33 ஆக்கினால் அது ஓர் அங்குலம் உயரும், அவ்வளவுதான். லிஃப்ட்டால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமலிருக்கவும், செங்குத்தான ஏற்றத்தின் அடியில் பம்பர் குத்தாமலிருக்கவும், பெரிய டயர் மட்கார்டில் உரசாமலிருக்கவும் அது உதவும். ஆனால் முன்பக்கம் தனித்தனியாக அசையும் சக்கரங்கள் கொண்ட இந்த வண்டியில் இரண்டரை, மூன்று அங்குலத்தைத் தாண்டும்போது, எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அச்சுகளின் மூட்டுகள் எந்நேரமும் கோணலாகவே சுழல வேண்டிவரும். ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். அலைன்மென்ட்டும் தொழிற்சாலை அளவுக்குள் அடங்க மறுக்கும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும். பாதையில் என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்த அங்குலங்களுக்குத் தினசரி வட்டி கட்டும் இடம் அலுவலகம் போகும் சாலை.

டயருக்கும் இதே கணக்கு உண்டு. 31இலிருந்து 33க்குப் போனால் சுற்றளவு ஆறரை சதவீதம் கூடும். வேகமானி 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 64இல் ஓடிக்கொண்டிருக்கும். 4.10 என்ற ஆக்சில் விகிதம் நடைமுறையில் 3.85 ஆகிவிடும், ஏற்றத்தில் கியர்பெட்டி எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் தவிக்கும், சூடேறும். அதைத் திருத்த முன்னும் பின்னும் இரு ஆக்சிலிலும் கியர் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் அந்தச் செலவு டயரின் செலவை மிஞ்சிவிடும். டயரின் எடையும் கூடுகிறது. சுழலும் எடை என்பதால், ஓட விடுவதற்கும் நிறுத்துவதற்கும் அது பெட்டியில் ஏற்றிய அதே எடையைவிடக் கூடுதலாக வதைக்கும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டி இது. டண்ட்ராவின் பெரிய காலிப்பரை முன்சக்கரத்தில் பொருத்துவது டகோமாக்காரர்களிடையே பழகிப்போன மாற்றமானது தற்செயல் இல்லை. பெரிய டயர் வாங்கியதன் மறைமுக ரசீது அது. நிதானமாகத் திட்டமிடுகிறவர் 31 அங்குலத்திலோ, 16 அங்குல ரிம்மானால் 265/75 என்ற அளவிலோ நின்றுவிடலாம். 265/70 போட்டு வந்த வண்டியில் அது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட உயரம் தரும், பெரும்பாலும் வேறெதையும் கேட்காது. சேற்றுக்கான முரட்டு டயரைவிட எல்லா நிலத்துக்குமான டயர் ஏன் என்றும் இங்கேயே சொல்லிவிடலாம். முரட்டுக் கட்டைகளுக்கிடையே இடைவெளி அதிகம், ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. அமெரிக்க வேலைநாளில் மழையும் வரும், முன்னால் போகும் கார் திடீரென்று பிரேக்கும் அடிக்கும்.

உயரத்தின் இன்னொரு விலையை அமெரிக்க அரசே எண்ணாக வெளியிடுகிறது. 2001 மாடல் ஆண்டிலிருந்து நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளுக்குக் கவிழும் அபாய மதிப்பீடு தருகிறது. அதன் அடிப்படை ஓர் எளிய வகுத்தல்: இரு சக்கரங்களுக்கிடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்புமையத்தின் உயரத்தால் வகுப்பது. எடுத்துக்காட்டாக, சக்கர அகலம் 150 சென்டிமீட்டர், ஈர்ப்புமையம் 66 சென்டிமீட்டர் என்றால் விடை 1.14. ஈர்ப்புமையம் ஆறு சென்டிமீட்டர் ஏறினால் 1.04. கேட்பதற்குச் சின்ன இறக்கம்தான். ஆனால் சாதாரணக் காருக்கும் எளிதில் கவிழும் வண்டிக்கும் இடையிலான மொத்த வித்தியாசமே இந்த எண்ணில் பத்தில் சில பங்குகளில்தான் அடங்கியிருக்கிறது. வழுக்கும்போது தானாகச் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து வண்டியை நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு அமெரிக்காவில் கட்டாயமானது 2012 மாடலிலிருந்து. அதற்குப் பல ஆண்டுகள் முந்திய வண்டியில் உயரத்தைக் கூட்டுகிறவர் தன் கைகளை மட்டுமே நம்புகிறார். கூரைக்கு மேல் கூடாரத்தையும் ஏற்றினால் இந்தக் கணக்கு இன்னும் கெடும்.

அப்படியானால் பாதைகள் உண்மையில் என்ன கேட்கின்றன? யூட்டாவின் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒயிட் ரிம் என்ற 100 மைல் மண்பாதை இருக்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே போகும் பாதை, படம் பார்த்தாலே வயிறு கலங்கும். அங்கே பூங்கா நிர்வாகம் கேட்பது தாழ்விகித கியருள்ள நான்கு சக்கர இயக்கமும், அடிப்பாகத்தில் எட்டு அங்குல இடைவெளியும். ஆலையிலிருந்து வந்தபடியே நிற்கும் நான்கு சக்கர டகோமா இதைத் தாண்டிவிடும். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், கற்கள் தாமாக நகர்ந்த தடங்களுக்குப் பேர்போன ரேஸ்ட்ராக் வறண்ட ஏரிக்குப் போகும் 27 மைல் சாலையில் செங்குத்தான ஏற்றம்கூட இல்லை. கழுவுபலகைபோல் அலையோடிய தரை, கூரான கற்கள், கைபேசி எட்டாத தூரம். அங்கே பயணிகளைப் படுத்துவது பஞ்சர். தடித்த பக்கச்சுவருள்ள டயரும் முழு அளவு ஸ்டெப்னியும் வேண்டும் என்று பூங்கா எச்சரிக்கிறது. லிஃப்ட் வேண்டும் என்று சொல்லவில்லை. டாஹோ ஏரிக்கு அருகே 22 மைல் நீளும் ரூபிகான் பாதை வேறு ரகம். பாறைகளைத் தாண்டுவதே அங்கே பயணம். அதற்கு லிஃப்ட்டும் பெரிய டயரும் பூட்டும் டிஃபரன்ஷியலும் அடியில் இரும்புத் தகடும் தேவை. ஆனால் அதற்கு இன்னொன்றும் தேவை: வண்டி உடைந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக மற்றொரு வாகனம். தினசரி வண்டியை வைத்துக்கொண்டு ரூபிகானுக்குத் திட்டமிடுவதில் உள்ள முரண் அங்கேதான். நூறு மைல் பாதைகளில் பெரும்பாலானவை கேட்பது முழுசாக வீடு திரும்பும் திறனை.

அந்தத் திறனில் மிக மலிவானது காற்று. 35 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை மண்ணில் இறங்கும்போது 20 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து அதிக இடத்தைப் பிடிக்கும். மணலில் புதையாது, கல்லில் மடங்கிக்கொடுக்கும், அலைச்சாலையில் ஓட்டுபவரின் முதுகெலும்பைக் காப்பாற்றும். ஒரு நல்ல அளவியும் பேட்டரியில் ஓடும் ஒரு கம்ப்ரஸரும் இதற்குப் போதும். இரண்டும் சேர்ந்து லிஃப்ட் தொகுப்பின் விலையில் ஒரு சிறு பகுதிதான். கம்ப்ரஸரை விட்டுவிட்டு அளவியை மட்டும் வாங்கும் சிக்கனம் உதவாது. காற்றுக் குறைந்த டயரோடு வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடுவது எப்படி முடியும் என்பதை அமெரிக்கா 2000இல் பார்த்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்களில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை உரிந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டயரின் குறையா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற தாழ்ந்த அழுத்தத்தின் குறையா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சாடின. அந்த ஆண்டே வந்த சட்டத்தின் விளைவாக, காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு 2008 மாடலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. நம் டகோமாவில் அந்த விளக்கு கிடையாது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். இரும்பு பம்பர் 50, 60 கிலோ. வின்ச் 35 கிலோ சுமார். பக்கவாட்டுக் காப்புக் குழாய்கள் 40, 50 கிலோ. கூரைக் கூடாரம் இன்னொரு 60. இத்தனையும் சேர்ந்தால், சாமானும் தண்ணீரும் ஏற்றுவதற்கு முன்பே மூன்று பெரியவர்கள் நிரந்தரமாக வண்டியில் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டிய தாளில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடை உண்டு, கட்டணமும் பெரிதில்லை. வழக்கமான சாமானோடு ஒருமுறை நிறுத்திப் பார்த்து, வரம்பிலிருந்து கழித்தால், இனி எவ்வளவு சேர்க்கலாம் என்பது எவருடைய அபிப்பிராயமும் இல்லாமல் தெரிந்துவிடும். பலர் இதைச் செய்வதில்லை. விடை பிடிக்காமல் போகும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். தனியாகப் போகாதவருக்கு வின்ச் வேண்டியதில்லை; முன்னும் பின்னும் சேஸிஸில் உறுதியாகப் பூட்டிய மீட்புக் கொக்கிகளும் ஒரு நல்ல இழுபட்டையும் மண்வாரியும் போதும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் பட்டையை மாட்டி இழுப்பது மட்டும் கூடவே கூடாது. அது பிய்ந்து பறந்து ஆளைக் கொன்றிருக்கிறது.

சிறிய செலவில் பெரிய வித்தியாசம் தரும் ஒரே இயந்திர மாற்றம் எது என்று கேட்டால் பூட்டும் பின் டிஃபரன்ஷியலைச் சொல்வேன். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது மற்றொன்றும் நகர மறுக்கும் அவஸ்தையைத் தீர்ப்பது அதுதான். சாலையில் அது தூங்கிக்கிடக்கும். யாரிடமும் வட்டி கேட்காது. 1998 முதல் வந்த டிஆர்டி தொகுப்பு வண்டியை வாங்கியவருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. பல ஆண்டுகள் தொடாமல் விட்டதால் அதைப் பூட்டும் மோட்டார் இறுகியிருக்கக்கூடும், அவ்வப்போது மண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் வலுவான எதிர்வாதம் பணத்தைப் பற்றியது இல்லை, மகிழ்ச்சியைப் பற்றியது. உயர்ந்து நிற்கும் வண்டியைக் காலையில் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கு நெம்புவிசைக் கணக்கு எதற்கு என்பார்கள். அழகு ஒரு பயன்தான், அதை மறுக்கிறவன் நானில்லை. ஆனால் அழகுக்காக என்று ஒப்புக்கொண்டு செய்தால் அதற்கான செலவும் ஆபத்தும் வெளிப்படையாக நிற்கும். பலமும் கிடைக்கிறது என்று சொல்லிச் செய்யும்போதுதான் கணக்கு பிசகுகிறது. அழகுக்கு ஓர் அங்குலம் முன்பக்கத்தை உயர்த்திச் சமன்செய்வதில் வண்டி கெட்டுவிடாது. அடுத்த எதிர்வாதம், அரைகுறையாகச் செய்து பிறகு மாற்றுவதைவிட ஒரேயடியாகப் பெரியதை வாங்கிவிடுவது சிக்கனம் என்பது. போகப்போகும் பாதைகள் முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது சரி. பெரும்பாலோருக்குத் தெரியாது. ஓராண்டு சாதாரண உயரத்தில், நல்ல டயரோடும் குறைத்த காற்றோடும் ஓட்டிப் பார்த்த பிறகு வண்டி எங்கே தட்டியது, எங்கே வழுக்கியது என்பதை அடித்தகடுகளின் கீறல்களே சொல்லும். கீறலே இல்லாத இடத்தில் கவசம் போடுவதற்கு என்ன அவசரம்? மூன்றாவது, இவ்வளவு பாடுபட்டுப் பழைய வண்டியைக் கட்டி அழுவதைவிட, பூட்டும் டிஃபரன்ஷியலும் நிலைப்புக் கட்டுப்பாடும் ஆலையிலேயே போட்டு வரும் புதிய பிக்கப்பை வாங்கிவிடலாமே என்பது. கடன் தவணையும் காப்பீடும் தாங்குகிறவருக்கு அது உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் புது வண்டியின் பக்கவாட்டில் முதல் முள்செடி கீறும்போது மனம் என்ன பாடுபடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய டகோமாவை மண்ணில் இறக்கும் தைரியத்தில் பாதி, அதன் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் நெளிவுகளிலிருந்து வருவது.

டயரின் அளவை எங்கே நிறுத்துவது என்று இன்னும் தயங்குகிறவருக்கு ஸ்டெப்னி ஒரு நல்ல நடுவர். டகோமாவில் அது பெட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. பம்பருக்கு மேலுள்ள துளைவழியே கம்பியை விட்டுச் சுழற்றினால் இறங்கும். பல வண்டிகளில் அதை யாரும் ஆண்டுக்கணக்காக இறக்கியதே இல்லை. துருவேறிய சுழலி பாதியில் நின்றுபோகலாம், அதை வீட்டு வாசலில் தெரிந்துகொள்வது நல்லது. இறங்கிய டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. சில வண்டிகளில் அது 02 என்றோ 03 என்றோ காட்டும், அதாவது ஆலையிலிருந்து வந்த அதே டயர்; கட்டை தேயாமல் புதிதுபோல் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஐந்தாவது டயரையும் மற்ற நான்கின் அளவிலேயே வாங்க வேண்டும் என்று முடிவுசெய்தால், 31 அங்குலம் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தும். 33 சிரமப்பட்டே நுழையும், சில வண்டிகளில் நுழையவே நுழையாது. நுழையாவிட்டால் அதைப் பெட்டிக்குள் கிடத்த வேண்டும், பெட்டியில் இடம் போகும். இல்லையென்றால் டயர் தாங்கி வைத்த இரும்பு பம்பர் வேண்டும். அந்த பம்பருக்காகப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்ட வேண்டும். கூட்டிய பட்டை, வெறும் வண்டியாக வேலைக்குப் போகும் ஐந்து நாளும் ஒவ்வொரு வேகத்தடையிலும் தன் இருப்பைத் தெரிவிக்கும்.